சிவப்பு எழுத்தில் இருந்த தேதி: தைப்பூசத்தன்று விழுந்த ஒரு வழக்கு விசாரணை

சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர், தோட்டம், நகரம், வழக்கறிஞர் அலுவலகம் எதையும் சொல்லவில்லை. இதே சிக்கலில் நாளை இன்னொரு குடும்பம் மாட்டிக்கொள்ளும்போது கையில் ஒரு முன்னனுபவம் இருக்கட்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

பின்னணி

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், மேற்குப் பகுதியில், கோலாலம்பூர்–காராக் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டப்புற நகரம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்; இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. ஒரு கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, தோட்டத்தை விற்றபோது இடம் மாற்றிக் கட்டிய மாரியம்மன் கோயில். அந்தக் கோயிலின் செயலாளர் நான். அதற்கு முன் 19 ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்தவன். அதனால் கோர்ட்டிலிருந்து வரும் கடிதங்களை ஜனங்கள் என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வது வழக்கம்.

2022 ஜூலையில், செம்பனை ஆலையில் வேலை செய்யும் 24 வயது இளைஞர் ஒருவர் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். தோட்டத்து மண்பாதை பெரிய சாலையைத் தொடும் முனையில் ஒரு கார் மோதியது. இடது தொடை எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தார்கள். கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. அறுவை அறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா வேண்டிக்கொண்டார்: பிள்ளை எழுந்து நடந்துவிட்டால் தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலில் அவன் கையாலேயே பால்குடம் எடுக்க வைக்கிறேன்.

2023இல் கார் ஓட்டுநர் மேல் நஷ்ட ஈட்டு வழக்கு, செஷன்ஸ் நீதிமன்றத்தில். (சாலை விபத்து வழக்குகளுக்கு செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொகை வரம்பு கிடையாது, அதனால்தான் இவை பெரும்பாலும் அங்கே போகின்றன.) எதிர்த்தரப்பை நடத்தியது காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர். 2024 நடுவில் இளைஞர் கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்தார். ஆலையில் லோரி நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

ஆக, ஒரே விபத்திலிருந்து இரண்டு காரியங்கள் கிளம்பிவிட்டன: ஒன்று கோர்ட்டுக் கோப்பு, மற்றொன்று நேர்த்திக்கடன். கோப்பு வழக்கறிஞரிடம் இருந்தது, நேர்த்திக்கடன் அம்மாவிடம் இருந்தது. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

தேதி எப்படி விழுந்தது

2024 அக்டோபரில், இணையவழி வழக்கு மேலாண்மையில் (விசாரணைக்கு முன் தேதி முதலியவற்றை முடிவு செய்யும் அமர்வு), விசாரணைக்கு 2025 பிப்ரவரி 11, 12 என்று இரண்டு நாள் ஒதுக்கப்பட்டது. பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, தைப்பூசம்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நம் நாட்டில் தீபாவளி சரவாக்கைத் தவிர எல்லா மாநிலங்களிலும் விடுமுறை. தைப்பூசம் அப்படி இல்லை. சிலாங்கூர், பினாங்கு, பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் உண்டு. கோலாலம்பூர், புத்ராஜெயாவுக்கு 2008இல்தான் கிடைத்தது. கெடாவில் மாநில அரசு தனியாக அறிவித்தால் உண்டு. 2021இல் அது கிடைக்காமல் போனது பலருக்கு நினைவிருக்கும். பகாங்கில் இல்லை. 1951ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு நாளை அறிவிக்க இடம் கொடுக்கிறது. நீதிமன்றமும் தான் இருக்கும் மாநிலத்தின் விடுமுறையைத்தான் பார்க்கும்.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா சுரங்கம் இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் சிலாங்கூர், இந்தப் பக்கம் பகாங். அந்தப் பக்கம் லட்சக்கணக்கான பேர் 272 படி ஏறிக்கொண்டிருக்கும் அதே காலையில், இந்தப் பக்கம் ஒன்பது மணிக்குக் கோர்ட்டு கூடும். இடையில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

குடும்பத்தின் வீட்டில் மாட்டியிருந்த நாள்காட்டி, மளிகைக்கடையில் கொடுத்தது. கிள்ளானில் அச்சடித்தது. அதில் 11ஆம் தேதி பெரிய சிவப்பு எழுத்தில் இருந்தது. கீழே, எறும்பு வரிசைபோல, எந்தெந்த மாநிலங்களுக்கு என்ற பட்டியல். நவம்பரில் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து மலாயில் கடிதம் வந்தபோது அவர்கள் தேதியைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, அன்றைக்கு விடுமுறை, கோர்ட்டே வேறு தேதி சொல்லும் என்று முடிவு செய்து, கடிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டார்கள். டிசம்பர் 26ஆம் தேதி இளைஞர் மாலை போட்டு விரதம் தொடங்கினார். அன்றிலிருந்து எண்ணினால் 48ஆவது நாள், பிப்ரவரி 11.

தெரிய வந்தது

பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. பத்துமலைக்குப் போகும் பேருந்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். சீனப் புத்தாண்டு 29, 30ஆம் தேதிகளில் முடிந்திருந்தாலும் ஊரில் பாதிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. அந்த அம்மா பெயர் கொடுத்துவிட்டு, ஏதோ நினைவு வந்ததுபோல, பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்தார்.

"அண்ணே, இத ஒருவாட்டி பாருங்க. வேற தேதி போட்டு இன்னொரு கடிதாசி வரும்னு பாத்தேன், வரல."

படித்தேன். 11ஆம் தேதி காலை 9 மணி. வாதி கட்டாயம் ஆஜராக வேண்டும்.

"அம்மா, அன்னைக்குக் கோர்ட்டு உண்டு."

"காலண்டர்ல செவப்பா போட்டிருக்கே அண்ணே?"

பதில் சொல்ல எனக்கு சற்று நேரம் பிடித்தது. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே கோயில் மண்டபத்தில் பேசினோம்: குடும்பத்தார், பூசாரி, நான், கமிட்டியில் இரண்டு பேர். முதலில் வந்த யோசனை, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுத்துக்கொள்ளலாம் என்பது. கிளினிக்கில் வயிற்றுவலி என்று சொன்னால் போதும் என்றார் ஒருவர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் நான் உடனே மறுத்தேன். பொய்ச் சான்றிதழை நீதிமன்றத்தில் கொடுப்பது வழக்கையே சாகடிக்கக்கூடியது. அதோடு, 48 நாள் சுத்தமாக இருந்து எடுக்கும் பால்குடத்தை ஒரு பொய்யில் ஆரம்பிப்பதா என்று இளைஞரே கேட்டார். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

போகாமல் இருந்துவிட்டால்? 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 35ஆம் ஆணைப்படி, வாதி தரப்பு வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். பிறகு 14 நாளுக்குள் மனுப் போட்டு உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டும். கிடைக்கும் என்று உறுதி இல்லை. (குற்ற வழக்கில் ஜாமினில் இருப்பவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிடிவாரண்டு வரும், ஜாமின் பணமும் போகலாம். அப்படிப்பட்டவர்கள் இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.)

நள்ளிரவிலேயே பால்குடம் எடுத்துவிட்டு விடிவதற்குள் திரும்பலாம் என்பது இளைஞரின் யோசனை. பலர் அப்படிச் செய்கிறார்கள்தான். ஆனால் தகடு வைத்த காலோடு இரவெல்லாம் நின்று, படியேறி, தூங்காமல் வந்து சாட்சிக் கூண்டில் ஏறினால் என்ன பேசுவார்? தைப்பூச நெரிசலில் பேருந்து எத்தனை மணிக்கு வெளியே வரும் என்றும் சொல்ல முடியாது.

பூசாரி வேறொரு வழி சொன்னார். ஏப்ரல் 11, பங்குனி உத்திரம். மாரான் மரத்தாண்டவர் கோயிலில் செலுத்தலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டே, "நான் பத்துமலைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன் சாமி" என்றார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. எந்த மாற்றுவழி போதும், எது போதாது என்பதை வேண்டிக்கொண்டவர்தான் சொல்ல வேண்டும். கமிட்டியோ கோர்ட்டோ சொல்ல முடியாது என்பது என் கருத்து. கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு தன் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் அந்த உரிமை விசாரணைத் தேதியைத் தானாக நகர்த்தாது. வாய் திறந்து கேட்க வேண்டும்.

எனவே, உள்ளதை உள்ளபடி சொல்லித் தேதி கேட்பது என்று முடிவானது.

மறுநாள் காலை வழக்கறிஞரைப் பிடித்தோம். அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். அக்டோபரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே வேறு நாள் கேட்டிருப்பேனே என்றார். அவரும் அக்டோபரில் வாடிக்கையாளரைக் கேட்கவில்லை என்பதை நான் அப்போது சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். கோபம் தணிந்ததும் அவர் செய்த முதல் வேலை நல்ல வேலை: இரண்டு நாளையும் கேட்காமல் ஒரு நாளை மட்டும் கேட்பது. எதிர்த்தரப்பின் எலும்பு மருத்துவ நிபுணர் 12ஆம் தேதிக்கு வரவிருந்தார். அந்த நாளைத் தொட்டால் எதிர்த்தரப்பு சம்மதிக்காது, நீதிபதியும் சம்மதிக்க மாட்டார். 11ஐ மட்டும் விடுவித்து, 12ஆம் தேதி வாதியும் மருத்துவரும் சாட்சி சொல்லி, மீதிக்கு வேறொரு நாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொலைபேசியிலேயே ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கடிதத்தோடு இணைக்கக் கோயிலிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். எங்களிடம் ஏற்கெனவே ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது. ஆலைக்கும் பள்ளிக்கும் விடுப்புக் கேட்பவர்களுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் மலாயில் தட்டச்சு செய்தது. பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மாற்றி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, அரை மணி நேரத்தில் கொடுத்து அனுப்பினேன். அதில் "காவடி எடுக்கிறார்" என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நீதிமன்றத்தில்

பிப்ரவரி 4ஆம் தேதி கடிதம் தாக்கலானது. 6ஆம் தேதி நீதிபதி இரண்டு வழக்கறிஞர்களையும் இணையவழி அழைத்தார். வழக்கறிஞர் எனக்குச் சொன்னபடி, நீதிபதி கேட்டது இரண்டே கேள்வி. தேதி கொடுத்து நாலு மாதம் ஆகிறது, ஏன் இப்போது? இதை வேறொரு நாளில் செய்ய முடியாதா?

முதல் கேள்விக்குப் பூசி மெழுகாமல், குடும்பம் விடுமுறை என்று நம்பிவிட்டது, எங்கள் அலுவலகமும் கேட்கவில்லை என்றே பதில் சொல்லப்பட்டது. இரண்டாவதற்கு, டிசம்பர் 26இல் தொடங்கிய விரதத்தின் நாள்கணக்கைக் காட்டினார்கள். விசாரணை அறிவிப்பு வந்த பிறகு நினைத்துக்கொண்ட வேண்டுதல் அல்ல, 2022இல் மருத்துவமனையில் செய்தது என்பதும் சொல்லப்பட்டது. நீதிபதி 11ஆம் தேதியை விடுவித்தார். 12ஆம் தேதி நிலைத்தது. 11ஆம் தேதிக்கு அழைக்கப்பட்டிருந்த போலீஸ் விசாரணை அதிகாரிக்கு மறு அழைப்பாணை அனுப்பும் பொறுப்பும், எதிர்த்தரப்புக்கு ஒரு சிறு செலவுத்தொகையும் வாதியின் தலையில் விழுந்தன. அது தகும் என்றுதான் சொல்வேன், தாமதம் நம்முடையது.

மீதி விசாரணைக்கு முதலில் மார்ச் 18 என்று பேச்சு வந்தது. அன்று நூசுல் குர்ஆன், பகாங்கில் பொது விடுமுறை என்பது பட்டியலிலேயே இருந்ததால் யாரும் கேட்காமலே அந்த நாள் விலகி, ஏப்ரல் 16 ஆனது. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. அரசிதழில் இருக்கும் நாள் தானாகப் பாதுகாக்கப்படும். இல்லாத நாளை நாம்தான் பாதுகாக்க வேண்டும். எங்கள் ஊரில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. புனித வெள்ளி சபா, சரவாக்கில் மட்டும்தான் விடுமுறை. அவர்களுக்கும் ஆண்டுதோறும் இதே கதைதான்.

பிப்ரவரி 11

இளைஞர் ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் வேட்டியுடன், அதிகாலை மூன்றரைக்குப் பால்குடத்தைத் தலையில் வைத்தார். சின்னப் பித்தளைச் செம்பு. வாயை வாழையிலையால் மூடி நூலால் கட்டியிருந்தது. நான் பின்னால் நடந்தேன். படிக்கட்டில் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதே படிக்கு இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். இருபது இருபத்தைந்து படிக்கு ஒருமுறை நின்றார். அண்ணன் இடது தோளைத் தாங்கிக்கொண்டார். ஏறி முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாலை ஊற்றும்போது அந்த அம்மா அழவில்லை. வெறும் செம்பை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

பிப்ரவரி 12: நாங்கள் எதிர்பார்க்காதது

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குறுக்கு விசாரணை ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்கள் கோயில் கடிதத்தைக் கையில் எடுத்தார். நேற்றுக் காவடி எடுத்தீர்களா? எத்தனை படி? காவடி எவ்வளவு கனம் இருக்கும்? 272 படி காவடி தூக்கி ஏறும் கால், நிரந்தர பாதிப்பு என்று நஷ்ட ஈடு கேட்கும் காலா?

எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. தேதி கேட்பதற்காகக் கொடுத்த கடிதம், வழக்கின் உயிர்நாடியையே தொட்டுவிட்டது. வழக்கறிஞரும் அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அதிலும் "காவடி" என்ற சொல்! அலகுக் காவடியைத் தோளில் சுமப்பவர் வேறு, ஒரு செம்புப் பாலைத் தலையில் வைத்துப் போகிறவர் வேறு. நம்மில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய மாதிரிக் கடிதத்தில் எல்லாருக்கும் பொதுவாகக் "காவடி" என்று இருந்தது, நான் அப்படியே விட்டுவிட்டேன்.

இளைஞர் தடுமாறவில்லை. தமிழிலேயே பதில் சொன்னார். காவடி இல்லை, பால்குடம் என்றார். அது என்ன என்று நீதிபதி கேட்க, மொழிபெயர்ப்பாளர் இரண்டு கையாலும் அளவு காட்டி விளக்கினார். எப்படி ஏறினார், எத்தனை இடத்தில் நின்றார், யார் தாங்கினார் என்பதை எங்கள் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை முடிந்ததும் மறு விசாரணையில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். பிற்பகலில் எதிர்த்தரப்பு மருத்துவரே, இவரால் படியேற முடியும், ஆனால் வலியோடும் மெதுவாகவும்தான் என்று தன் அறிக்கையில் இருந்ததையே சொன்னார். காலையில் விழுந்த அடி ஓரளவு ஆறியது.

பிறகு

ஏப்ரல் 16 வரவில்லை. அதற்கு முந்திய வாரம் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. கேட்டதில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிடைத்தது. காவடிக் கேள்விதான் தொகையைக் குறைத்ததா என்று வழக்கறிஞரைக் கேட்டேன். சாலை முனையில் இளைஞர் வேகம் குறைக்கவில்லை என்ற வாதம்தான் பெரிய காரணம் என்றார். ஆனாலும் அந்தக் கடிதம் எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி கொடுத்தது என்பதை அவரும் மறுக்கவில்லை. குடும்பத்தாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "உண்மையத்தானே எழுதுனீங்க அண்ணே" என்றார் அந்த அம்மா. இல்லை அம்மா, கிட்டத்தட்ட உண்மையை எழுதினேன் என்றேன்.

இதற்காக, காரணத்தை மறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னதால்தான் தேதி கிடைத்தது. உண்மையைச் சொன்னதால்தான் குறுக்கு விசாரணையில் நிலைத்து நிற்கவும் முடிந்தது. குறை, உண்மையைத் துல்லியமாகச் சொல்லாததில்தான்.

என்ன மாற்றினோம்

பழைய மாதிரிக் கடிதத்தைக் கிழித்துவிட்டோம். இப்போது கேட்பவரை உட்கார வைத்து, என்ன வேண்டுதல், எப்போது வேண்டிக்கொண்டது, விரதம் எந்தத் தேதியில் தொடங்கியது, பால்குடமா, காவடியா, முடி இறக்குவதா, எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுகிறேன். நீதிமன்றத்துக்குப் போகும் கடிதமாக இருந்தால், வழக்கு எதைப் பற்றியது என்பதைக் கேட்காமல் எழுதுவதில்லை. உடல் காயம் பற்றிய வழக்கு என்றால், வழக்கறிஞர் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் கையெழுத்து.

அந்த வழக்கறிஞர் அலுவலகமும், தேதி வாங்கும் முன் வாடிக்கையாளருக்கு வாட்சாப்பில் ஒரு கேள்வி அனுப்புவதை வழக்கமாக்கியிருக்கிறது: அடுத்த ஆறு மாதத்தில் உங்களால் வர முடியாத நாள் எது, ஏன்? சாட்சிகளுக்கும் இதே கேள்வி போகிறது. எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தில் மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான். அக்டோபரில் கேட்டால் ஒரு நிமிட வேலை. பிப்ரவரியில் கேட்டால் நாலு பேருக்குத் தூக்கம் போகும்.

2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. பகாங்கில் வார விடுமுறை என்பதால் எங்களுக்கு அந்த ஆண்டு மோதல் இல்லை. வெள்ளி, சனி வார விடுமுறையாக உள்ள கிளந்தான், திரெங்கானுவில் அது வேலை நாள். அங்கே கோர்ட்டில் வழக்கு இருக்கிற நம்மவர்கள் யாராவது பேருந்துக்குப் பெயர் கொடுக்க வந்தால், அழைப்பாணைக் கடிதத்தையும் கையோடு கொண்டுவரச் சொல்கிறேன். கோயில் மண்டபத்துச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், சிவப்பாக இருந்தும் பகாங்கில் விடுமுறை இல்லாத நாள்களை அந்த இளைஞரே நீல மையால் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.